இல்லம் ஈந்த பெருமகனார்

இராஜபாளையம் காந்தி கலை மன்றத்தைக் கடக்கும்போதெல்லாம் என் தந்தையை நினைப்பேன்.

1898-இல் இவ்வூரில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே அம்மன்றத்திற்கு ஈந்தவர். 1948-இல் மாகாணமெங்கும் பரவிய மதுவிலக்கு, அவர் முதலமைச்சராக விளங்கிய 1949 முதல் 1952 வரையும் தொடர்ந்தது. 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார், 1954-இல் ஒரிசா ஆளுநரானார், 1957-இல் மறைந்தார்.

சட்டம் கள்ளுக்கடையை மூடலாம். உள்ளத்து வேட்கையை மூட இயலாது. மனிதன் பிறரைப் பார்த்தே பலவற்றைக் கற்கிறான் என்பது உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூராவின் கொள்கை. என் தந்தை குடியைக் கற்றதும் நண்பர்களைப் பார்த்துத்தான். விட்டதும், குடியை விட்டொழித்த ஒரு நண்பரைப் பார்த்துத்தான். இன்று மாலைதோறும் இருவரும் ஆண்டாள் கோயிலருகே அமர்ந்து பேசி மகிழ்கின்றனர்.

சொந்த வீட்டையே விட்டுக்கொடுத்தவரின் வாழ்வை நான் விரும்பிப் படிப்பதும் அதனாலேயே. விடுவதையும் கண்டு கற்கலாம் அன்றோ!