பாரமகாலைச் சுற்றி வந்த மன்றோ

சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமீது அமர்ந்த ஒரு வெள்ளைக்காரரின் சிலை உண்டு. குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை என்று அதைச் சுட்டிக்காட்டி வேடிக்கை பேசுவோர் பலர். அந்தச் சிலைக்குரியவர் தம் இளமையில் ஏழாண்டுகளை நம் தருமபுரியில் கழித்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தாம் சர் தாமஸ் மன்றோ.

ஸ்காட்லாந்து தேசத்தின் கிளாஸ்கோ நகரில் 1761-ஆம் ஆண்டு மே திங்கள் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தை அமெரிக்காவோடு வாணிபம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் அந்த வாணிபம் நொடித்தது. சிறு வயதில் கண்ட தட்டம்மையால் மன்றோவுக்குக் காது சற்று மந்தம். குடும்பம் இவ்வாறு தளர்ந்திருந்த நிலையில், கும்பினிப் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். வந்த சில மாதங்களிலேயே ஹைதர் அலியுடன் போர். பன்னிரண்டு ஆண்டுகள் படையிலேயே கழிந்தன. சொற்பச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார்; ஓய்வு நேரத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். இந்த மொழிப்பயிற்சிதான் அவரை நம் பக்கம் அழைத்து வந்தது.

1792-இல் சீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடக்கம். வரி வாங்கும் பொறுப்பைச் சிவில் உத்தியோகஸ்தர்களிடம் ஒப்படைப்பதுதான் வழக்கம். ஆனால் அவர்களுக்கு நாட்டு மொழியும் தெரியாது, குடிகளின் வழக்கமும் தெரியாது என்று கருதிய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், படை அதிகாரியான காப்டன் ரீடை நியமித்தார். ரீடுக்கு உதவியாக வந்த மூவரில் மன்றோ ஒருவர். தருமபுரி அவருக்கு இருப்பிடமாயிற்று.

இருப்பிடம் என்று சொன்னோமே தவிர, அவர் தருமபுரியில் இருந்த நாட்கள் குறைவு. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வதே அவருடைய வேலை. நடந்தும் குதிரையேறியும் ஓர் ஊரை அடைவார், கூடாரம் அடிப்பார், அந்த ஊரின் நிலக்கணக்கு முடிந்தபின் அடுத்த ஊருக்குப் புறப்படுவார். இப்படியே ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் தருமபுரிக்கு வந்து சேர்வார். மறு ஆண்டும் அதே வேலைதான். நம் மாவட்டத்தைப் பேருந்தில் சுற்றியவர்களுக்கே இதன் அருமை ஓரளவு விளங்கும். மேற்கே பென்னாகரத்துக் காடுகள் தாண்டிக் காவிரிப் பள்ளத்தாக்கு. ஒகேனக்கல்லில் விழுந்து இறங்கும் தண்ணீர். தெற்கே தொப்பூர்க் கணவாய். கிழக்கே தென்பெண்ணை ஓடும் சமவெளி. இவற்றுக்கிடையே கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் மேட்டுக்காடுகள். அந்நாளில் சாலை என்று சொல்லத்தக்கது அரிது. அடுத்தடுத்துப் படைகள் நடந்து போன பூமி வேறு.

ஓர் ஊரில் கூடாரம் எழும்பினால் போதும், காலையிலிருந்தே குடியானவர்கள் கூடிவிடுவார்கள். மணியக்காரர் ஒரு கணக்குச் சொல்வார்; கர்ணம் ஒரு கணக்கு வைத்திருப்பார்; நிலத்துக்காரர் சொல்வது வேறாக இருக்கும். ஒருவருக்கு மாடு செத்துப்போயிற்று, இன்னொருவருக்குக் கிணறு வற்றிவிட்டது, மூன்றாமவருக்குப் பங்காளியோடு வரப்புத் தகராறு. வரி குறைய வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டவையும் இவற்றில் இருந்திருக்கும். கிஸ்தி கேட்க வந்தவரை யார்தான் முழு உண்மை சொல்லி வரவேற்பார்கள்? சலிப்பூட்டும் வேலை இது, வேறெதற்கும் நேரம் இல்லை என்று ஊருக்கு எழுதிய கடிதத்திலேயே மன்றோ குறைப்பட்டிருக்கிறார். ஆனாலும் மந்தமான அந்தக் காதைக் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டார்.

தருமபுரியில் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. சுற்றுப்பயணம் முடிந்து திரும்பினால் அங்கேதான் பொழுதைக் கழிப்பார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கன்னட நாட்டுக் கடற்கரைக்கு மாற்றலாகியபோது, பதவி உயர்வைவிடத் தோட்டத்தைப் பிரிவதே அவர் மனத்தை வருத்தியது. பிற்காலத்திலும் பாரமகாலை ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டார்.

ஜமீன்தார் போன்ற இடைத்தரகர் இன்றி, உழுபவரோடு அரசு நேரடியாகவே வரி பேசிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இந்தச் சுற்றுகளில்தான் உரம் பெற்றது. இதையே ரயத்துவாரி முறை என்கிறோம். முதலில் வழிகாட்டியவர் ரீடு என்பதையும் சொல்லியாக வேண்டும். இவர்கள் போன பின்பு, 1803 முதல், பாரமகாலைக் கும்பினியார் மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த மிட்டாதாரர் பலர் பணம் கட்ட முடியாமல் கைவிட்டனர்.

அதற்காக மன்றோ வரி வாங்காத வள்ளல் என்று எண்ணிவிடலாகாது. அவர் அந்நிய ஆட்சியின் ஊழியர். நம் மக்களிடம் வாங்கிய வரி கும்பினியின் கஜானாவுக்கே போயிற்று. அது பாரமாகவும் இருந்தது. 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பைச் சீமைகளில் நிலங்களை அளந்து வரி விதித்த அவரே, போகும்போது அதில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். மேலிடம் அப்போது இசையவில்லை. 1820-இல் அவர் சென்னைக் கவர்னர் ஆன பிறகே அந்தக் குறைப்பு நடைமுறைக்கு வந்தது. இடையில் வரி கட்டிய குடும்பங்களின் பாட்டை நாம் மறந்துவிட முடியவில்லை. ஆனால் தாம் விதித்த வரி அதிகம் என்று தாமே எழுதிய அதிகாரிகள் அக்காலத்தில் எத்தனை பேர்?

பள்ளி மாணவியர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1822-இல் ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கக் கலெக்டர்களுக்கு ஆணையிட்டவர் மன்றோ. 1826-இல் வெளியான அவருடைய குறிப்பின்படி, சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த சென்னை இராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன. படித்தவர் 1,88,650 பேர். அவர்களில் பெண் குழந்தைகள் 4,500-க்குச் சற்று மேல்! வீட்டிலேயே எழுத்தறிந்த பெண்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. எனினும், இத்தனை பெரிய இராஜதானி முழுவதிலும் பள்ளிக்கு வந்த பெண்கள் அவ்வளவே. ஒவ்வொரு தாசில்தார் எல்லையிலும் அரசுச் செலவில் ஒரு பள்ளி வேண்டும் என்று அந்தக் குறிப்பில் மன்றோ கேட்டிருந்தார்.

பதவியை விட்டு நாடு திரும்ப அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருந்தவர், தாம் முன்பு பணிபுரிந்த சீமை மக்களிடம் விடைபெற 1827-இல் மீண்டும் சுற்றுப்பயணம் புறப்பட்டார். வழியில் வாந்திபேதி பரவியிருந்தது. ஜூலை 6-ஆம் நாள், கர்நூல் பக்கத்துப் பத்திகொண்டாவில், கூடாரத்திலேயே மன்றோவின் உயிர் பிரிந்தது. கூத்தியில் அடக்கம் செய்தார்கள். 1831-இல் அவருடைய உடல் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.