சிரைவழி கண்ட மருத்துவர் வெர்னர் போர்ஸ்மன்

அகத்தியர்கூட மலையின் அடிவாரத்தே அமைந்தது போனக்காடு. திருவனந்தபுரத்தினின்று விதுரா வழியாக மலையேறுவோர் அங்குள்ள தேயிலைச் சரிவுகளையும், தொழிலாளர் வாழ்ந்த லயங்களையும் காண்பர். அச்சரிவுகளிற் கூடை சுமந்து நின்று கொழுந்து கிள்ளியவர்களுள் தமிழ்க் குடும்பத்தார் பலர் என்பது நம் சங்கத்தார்க்குப் புதிய செய்தியன்று. தோட்டம் செழித்த காலமும் உண்டு. நலிந்த காலமும் உண்டு. இரு காலத்தும் அவர்கள் கால்கள் ஓய்ந்ததில்லை.

நாள் முழுதும் நின்று உழைப்போர்க்கு மிகுதியாக வரும் நோய் ஒன்றுண்டு. நரம்பு சுருட்டு என்று மக்கள் அதனை வழங்குவர். உண்மையில் அது நரம்பு அன்று. அசுத்த இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு செல்லும் சிரை. காலிலிருந்து மேல் நோக்கி ஏறும் இரத்தம் மீண்டும் கீழே வழியாதபடி சிரைகளுக்குள் சிறு கதவுகள் போன்ற அடைப்பிதழ்கள் உள்ளன. அவை பழுதுற்றால் இரத்தம் தேங்கும். சிரை புடைத்து முறுக்கிக்கொள்ளும். கணுக்காலருகே தோல் கறுத்து, நாளடைவில் ஆறாப் புண்ணும் தோன்றும். முன்னாளில் தொடையிடுக்கிற் கீறிச் சிரையை உருவி எடுப்பதே பெருவழக்கு. பின்னர்ப் பல நாள் ஓய்வு வேண்டும். நாட்கூலியை நம்பி வாழ்வோர்க்கு ஓய்வு நாள்கள் பட்டினி நாள்கள் அல்லவா? இந்நாளிலோ ஊசி நுழையும் துளை ஒன்றே போதும். நோயாளர் அன்றைக்கே நடந்து வீடு திரும்புகின்றனர்.

கால் நோயைப் பேசத் தொடங்கி ஜெர்மானியர் ஒருவரின் வரலாற்றை எழுதுகின்றோமே என்று அன்பர்கள் வியக்கலாம். சிரை வெறும் குருதிக் குழாய் மட்டுமன்று, மருத்துவன் கருவியோடு உட்செல்லத்தக்க பாதையும் ஆகும் என்பதைத் தம் கையையே சோதனைக்களமாக்கி உலகுக்குக் காட்டியவர் அவர். ஆதலின் அவர் கதை நமக்கும் உரியதே.

வெர்னர் போர்ஸ்மன் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் பெர்லினிற் பிறந்தார். தந்தையார் முதல் உலகப் போரில் உயிர் நீத்தார். அன்னையாரின் அரவணைப்பில் வளர்ந்து மருத்துவம் பயின்ற அவர், 1929-இல் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் மருத்துவமனையில் இளம் மருத்துவராக அமர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர்கள் குதிரையின் கழுத்துச் சிரை வழியே குழாய் செலுத்தி இதயத்தின் அழுத்தத்தை அளந்த படம் ஒன்று அவர் மனத்திற் பதிந்திருந்தது. குதிரைக்கு இயன்றது மனிதனுக்கு இயலாதா? உயிர் ஊசலாடும் வேளையில் மருந்தை நேரே இதயத்துக்குச் செலுத்தலாமே என்பது அவர் எண்ணம்.

தலைமை மருத்துவர் இசையவில்லை. இதயத்தை அன்னியப் பொருள் தீண்டினால் உயிர் போய்விடும் என்று மருத்துவ உலகம் அஞ்சிய காலம் அது. முதன்முறை நண்பர் ஒருவர் உதவினார்; குழாய் பாதி வழி சென்றதும் அஞ்சி நிறுத்திவிட்டார். பின்னர் கெர்டா டிட்சன் என்னும் செவிலியார், கருவிகளைத் தந்து தம்மையே சோதனைக்கு ஒப்புவித்தார். போர்ஸ்மனோ அவரை மேசையிற் கட்டிவிட்டு, அவர் அறியாமல் தம் இடக்கை முழங்கை மடிப்பை மரக்கச் செய்து, சிரையைத் திறந்து, சிறுநீர்க் குழலுக்கென அமைந்த மெல்லிய கதீட்டரைத் தம் உடலுக்குள்ளேயே செலுத்தலானார்! தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த அம்மையார் சினந்தார். ஆயினும் துணை நின்றார். கையிற் குழாய் தொங்கப் படியிறங்கி எக்ஸ்ரே அறைக்குச் சென்றார் போர்ஸ்மன். அம்மையார் பிடித்த கண்ணாடியிற் பார்த்தபடியே 65 சென்டிமீட்டர் வரை குழாயைத் தள்ளினார். அதன் முனை இதயத்தின் வலமேல் அறையில் நின்றது. படமும் எடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்தும் நிரம்பவில்லை.

அச்செவிலியாரின் துணிவையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. நூல்கள் அவரை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன.

1929 நவம்பரில் ஆய்வுரை வெளிவந்தது. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையிற் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சவர்புருக்கின்கீழ்ப் பணி கிடைத்தது. விரைவில் அவரை வெளியேற்றினர். கழைக்கூத்தாடியின் வித்தை என்றே அவர் செயலைப் பலர் எண்ணினர். நாய்களைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். தம் உடலிலும் மீண்டும் மீண்டும் குழாய் செலுத்திப் பார்த்தார். ஆதரிப்பார் இன்மையால் இறுதியிற் சிறுநீரக மருத்துவத்துக்குத் திரும்பினார். மருத்துவரான எல்ஸ்பெத் அம்மையாரை 1933-இல் மணந்தார், மக்கள் அறுவர்.

ஒன்றை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. 1932 முதல் அவர் நாஜிக் கட்சியின் உறுப்பினராயிருந்தார். துணிவு மிக்க கையும் தவறான கொடியைத் தூக்கக்கூடும். போரிற் படை மருத்துவராயிருந்து அமெரிக்கரிடம் சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின் மருத்துவத் தொழிலுக்குத் தடை விதிக்கப்படவே, மரம் வெட்டியும் பிழைத்தார். பின்பு கருங்காட்டுப் பகுதியில் மனைவியாரோடு நாட்டுப்புற மருத்துவராய் வாழ்ந்து, 1950-இல் பாட் குரோய்ட்ஸ்னாக் நகரிற் சிறுநீரக மருத்துவரானார்.

இதற்கிடையே நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர் அவரது பழைய ஆய்வுரையை அடிப்படையாகக் கொண்டு, 1940-களில் இதயக் கதீட்டர் முறையை வளர்த்திருந்தனர். 1956-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இருபத்தேழு ஆண்டுக்கு முன் செய்த செயலுக்கு, அத்துறையையே விட்டு விலகிவிட்ட ஒருவர் பரிசு பெற்றார்.

கால் சிரை மருத்துவம் போர்ஸ்மன் கண்டதன்று. அவர் திறந்த பாதையைப் பிறர் எளிதாக்கினர். 1953-இல் சுவீடன் நாட்டு செல்டிங்கர், முதலில் ஊசி, ஊசிக்குள் கம்பி, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின்மேற் குழாய் என்னும் முறையை வெளியிட்டார். கீறி இரத்தக்குழாயைத் திறக்கும் தேவை ஒழிந்தது. 1990-களின் இறுதியிலிருந்து அம்முறையிலேயே முழங்காலருகே சிரைக்குள் வெப்பக் கருவியையோ லேசர் இழையையோ நுழைக்கலாயினர். அல்ட்ராசவுண்டுத் திரையைப் பார்த்தவாறே தொடையிடுக்கின் அருகுவரை செலுத்தி, சிரையைச் சுற்றி மரப்பு நீர் ஏற்றி, கருவியை மெல்லப் பின்னிழுக்கின்றனர். வெம்மையாற் சிரைச்சுவர் சுருங்கி மூடிக்கொள்ள, இரத்தம் ஆழத்திலுள்ள நல்ல சிரைகள் வழியே மேலேறுகின்றது.

போனக்காட்டினின்று இறங்கி வருவோர்க்குத் திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உள்ளது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற அந்நிறுவனத்தில், இதயத்துக்குக் கதீட்டர் செலுத்துவது இன்று அன்றாடப் பணி. எபர்ஸ்வால்டேயில் ஒருவர் யாரும் அறியாமற் செய்தது அதுவே.

போர்ஸ்மன் 1979 ஜூன் முதல் நாள் ஷோப்ஃபைம் நகரில் இதயம் செயலிழந்து மறைந்தார். முதல் முயற்சிக்கு இசைவு கிடைக்காத எபர்ஸ்வால்டே நகரில், பொது மருத்துவமனை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.