கருவின் குருதி ஓட்டத்தை அறிய வழிவகுத்த கிறிஸ்டியன் டாப்ளர்

வளர்ச்சி குன்றிய கருவை எப்போது பிரசவிக்கச் செய்வது என்று முடிவெடுக்க மருத்துவர்களுக்கு இன்று துணைநிற்கும் டாப்ளர் பரிசோதனை, மருத்துவம் பயிலாத ஆஸ்திரிய இயற்பியலாளர் ஒருவரின் பெயரைத் தாங்கியுள்ளது.

கிறிஸ்டியன் டாப்ளர் 1803-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி சால்ஸ்பர்க் நகரில் கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தார். உடல் நலிவு காரணமாக அவரால் குடும்பத் தொழிலில் ஈடுபட இயலவில்லை. வியன்னாவில் கணிதமும் இயற்பியலும் பயின்ற பின்னரும் நிலையான பணி கிட்டாததால், பருத்தி நூற்பாலை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். அமெரிக்காவில் குடியேற ஆயத்தமான நிலையில், 1835-இல் பிராக் நகரில் ஆசிரியர் பணி கிடைத்தது.

அங்கு 1842 மே 25 அன்று இரட்டை விண்மீன்களின் நிறம் குறித்த ஆய்வுரையை அவர் சமர்ப்பித்தார். அலைகளை வெளியிடும் பொருள் நெருங்கும்போது அவற்றின் அதிர்வெண் உயர்வதாகவும், விலகும்போது தாழ்வதாகவும் தோன்றும் என்பதே அதன் சாரம். விண்மீன்களின் நிறத்துக்கு அவர் கூறிய விளக்கம் தவறாயினும், அடிப்படைக் கோட்பாடு நிலைத்தது. 1845-இல் நெதர்லாந்து அறிஞர் பைஸ் பாலட், ஓடும் ரயிலில் இசைக்கலைஞர்களை ஊதச் செய்து அதை மெய்ப்பித்தார்.

எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1850-இல் வியன்னா பல்கலைக்கழக இயற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரான டாப்ளரின் கோட்பாட்டை, 1852-இல் கணிதவியலாளர் பெட்ஸ்வால் கடுமையாக விமர்சித்தார். நுரையீரல் நோயால் நலிந்த டாப்ளர், 1853 மார்ச் 17-ஆம் தேதி வெனிஸ் நகரில் தமது 49-ஆவது வயதில் காலமானார்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின், 1977-இல் டப்ளின் மருத்துவர்கள் தொப்புள்கொடித் தமனியின் குருதி ஓட்டத்தை இக்கோட்பாட்டின் துணையுடன் பதிவு செய்தனர். நகரும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் மீயொலியின் அதிர்வெண் மாற்றமே ஓட்டத்தின் வேகத்தைக் காட்டுகிறது.

நஞ்சுக்கொடி சீராக இயங்கினால், இரு இதயத் துடிப்புகளுக்கு இடையிலும் கருவிலிருந்து அதை நோக்கிக் குருதி பாயும். பாதிப்பு முற்றும்போது அந்த இடைவெளியில் ஓட்டம் குறையும், பின்னர் நின்றுவிடும், இறுதியில் எதிர்த்திசையில் திரும்பும். காலந்தாழ்த்தினால் சிசு கருவிலேயே இறக்கக்கூடும். அவசரப்பட்டால் குறைப்பிரசவத்தின் பாதிப்புகள் நேரும்.

அதிக ஆபத்துள்ள கர்ப்பங்களில் இப்பரிசோதனை சிசு மரணங்களைக் குறைப்பதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆபத்து குறைந்த கர்ப்பங்களில் வழக்கமாகச் செய்வதால் அத்தகைய பலன் உறுதிப்படவில்லை.