ஔவையின் பெயரில் ஓர் இல்லம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் என்றவுடன் தமிழர் நினைவில் முதலில் எழுவது, பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதற் பெண்மணி என்னும் பெருமை. அதற்கு அடுத்து எழுவது அடையாற்றுப் புற்றுநோய் நிலையம். இவ்விரு பெருமைகளுக்கும் நடுவே, ஔவை இல்லத்தை நிறுவினார் என்ற செய்தி ஒற்றை வரியாய் ஒடுங்கிப்போகிறது. வரலாற்று நூல்களும் பாடநூல்களும் அவ்வரியைத் தாண்டி நின்று பார்ப்பதில்லை. ஆனால் அவர் வாழ்வின் உட்பொருள் அந்த ஒற்றை வரிக்குள்தான் இருக்கிறது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886 ஜூலை 30 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், இசையும் கோயிற்பணியும் வழிவழி உரிமையாயிருந்த குலத்திலே தோன்றியவர். அந்த மணவுறவின் பொருட்டுத் தந்தையார் தம் சுற்றத்தாரால் விலக்கி வைக்கப்பட்டார். இப்பிறப்புச் செய்தியை அம்மையாரின் வரலாறு எழுதுவோரில் சிலர் நாகரிகம் கருதி விட்டுவிடுவதுண்டு. அது நாகரிகமன்று, அறியாமை. இரு குலங்களின் வாயிலிலும் நின்று, எந்தக் குலத்தின் கூடத்திலும் முழுதும் அமர முடியாத ஒரு குழந்தையின் கண்களைக் கொண்டுதான் அவர் பிற்காலத்தில் தமிழ்நாட்டுச் சிறுமியரைப் பார்த்தார்.

தாயார் மகளுக்கு விரைவில் மணம் முடித்துவிட விரும்பினார். மகளோ படிப்பை விரும்பினார். வீட்டிலிருந்தவாறே பயின்று மெட்ரிகுலேஷன் தேறிய பின்பு, ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் மாணவரின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளி இடமளித்தார். ஒரு குழந்தையின் கல்வி ஒரு மன்னரின் பெருந்தன்மையைச் சார்ந்து நிற்கக்கூடாது. அத்தகைய மன்னர் வாய்க்காத சிறுமியர் எண்ணற்றோர். அம்மையாரின் பிற்காலப் பணியனைத்தும், தமக்கு ஒருவரின் அருளால் கிடைத்ததைப் பிறர்க்கு உரிமையாக்கித் தரும் முயற்சியே எனலாம்.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதற் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணிபுரிந்தார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடையாதல் கூடாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அம்மணத்துக்கு இசைந்தார். சுந்தர ரெட்டி அவ்வாக்கை இறுதிவரை காத்தார். பின்பு லண்டன் சென்று, பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற்றுத் திரும்பினார். திரும்பிய சிறிது காலத்திலேயே, 1927 தொடக்கத்தில், இந்தியப் பெண்கள் சங்கத்தின் வற்புறுத்தலால் சென்னைச் சட்டமன்ற நியமன உறுப்பினராய் அமர்ந்தார். அவையோர் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தனர்.

மன்றத்தில் அவர் எழுப்பிய கோரிக்கைகளைத் தொகுத்து நோக்கினால், அவற்றினூடே குழந்தை ஒன்று நடந்து செல்வதைக் காணலாம். ஏழைச் சிறுமியர்க்குப் பள்ளிக் கட்டணத்தை நீக்குக என்றார். பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையை மருத்துவர் முறையாகச் சோதிக்க வேண்டும் என்றார். குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். குழந்தை மணத்தைத் தடுக்கும் 1929 ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயதை எல்லையாக்கியது. அம்மையாரோ 16 ஆதல் வேண்டும் என்னும் கருத்தினர்.

1928 இல் இந்தியக் கல்வி நிலையை ஆராய அமைந்த ஹார்ட்டாக் குழுவில் அவர் ஒருவரே பெண் உறுப்பினர். அக்குழு 1929 இல் அளித்த அறிக்கையில் நெஞ்சை உறுத்தும் கணக்கொன்று உண்டு. 1922-23 இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளில் 1925-26 இல் நான்காம் வகுப்பை எட்டியவர் 18 பேர் மட்டுமே. பள்ளியைத் திறந்து வைத்துவிட்டால் குழந்தை தானே வந்து தங்கிவிடும் என்ற நம்பிக்கையை அந்த ஓர் எண் தகர்த்தது. மற்றவர்களுக்கு அது கல்வித்துறைக் கணக்கு. வீடுவீடாக நோய் பார்த்த மருத்துவருக்கோ, விடுபட்டுப்போன அந்த 82 பேரும் எங்கே போயிருப்பர் என்பது தெரிந்தே இருந்திருக்கும்.

இனி, பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக அவர் நடத்திய போர். இதனைச் சமயச் சீர்திருத்தமாகவும் பெண்ணுரிமைப் போராகவும் பலர் எழுதியுள்ளனர். அடிப்படையில் அது குழந்தையைக் காக்கும் போர். பொட்டுக்கட்டப்பட்டவள் பெரும்பாலும் சிறுமி. தன் வாழ்வை முடிவுசெய்யும் சடங்கின் பொருளை அறியும் வயது அவளுக்கு இல்லை. சிறுமியரைத் தீநெறிக்கென விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கும் பிரிவுகள் 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தன. கோயிலில் நிகழும் சடங்கு என்னும் திரை விழுந்ததும் அப்பிரிவுகள் செயலற்றுப் போயின.

அம்மையார் அத்திரையை விலக்கிப் பார்த்தபோது, பின்னே நின்றது பக்தி மட்டுமன்று, நிலமும் நின்றது. கோயிற் பணிக்கென அக்குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பணிசெய்ய ஒரு பெண் இருக்கும் வரையில்தான் நிலம் நிற்கும். அவளுக்குப்பின் வேறொருத்தி வந்தாக வேண்டும். ஆகவே தலைமுறைதோறும் ஒரு பெண்குழந்தை, குடும்பத்தின் சோற்றுக்குப் பிணையாக வைக்கப்பட்டாள். தாய் கொடியவள் என்பதனால் மகளுக்குப் பொட்டு ஏறவில்லை. நிலம் போய்விடும் என்னும் அச்சத்தாலும் ஏறியது. இதை உணராமல் தண்டனை மட்டும் விதித்தால், குழந்தை மீள்வதற்கு முன் குடும்பம் பட்டினி கிடக்கும்.

1927 இல் பொட்டுக்கட்டுவதை நிறுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் மன்றத்தில் கொணர்ந்தார். அதனைத் தொடர்ந்து 1929 இல் நிறைவேறிய அறநிலையச் சட்டத் திருத்தம், மானிய நிலத்தைக் கோயிற் பணியினின்று விடுவித்தது. பணி நின்றாலும் நிலம் அக்குடும்பத்திடமே இருக்கும் என்று வழிசெய்தது. அம்மையாரின் பெயரால் மேடைகளில் காரசாரமாகச் சொல்லப்படும் பதிலடிகள் பல உண்டு. கைதட்டலுக்கு அவை உதவும். இந்த நிலத் திருத்தத்தைப் பற்றி மேடையில் கேட்பது அரிது. அவரது அரசியல் அறிவின் கூர்மை தெரிவதோ இங்குதான்.

எதிர்ப்பு எளியதாக இல்லை. சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவரே மரபின் பக்கம் நின்றார். தேவதாசியர் சங்கத்தினர் அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞர் மறுப்புரைத்தனர். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் கற்ற பெண்கள் என்ற தகுதியையும் ஒரே வசைச்சொல்லில் புதைத்துவிட்டதாக அவர்கள் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. பிற்கால ஆய்வாளர்கள் அதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். பாடவும் ஆடவும் படிக்கவும் தெரிந்த பெண்களின் கையிலிருந்த கலை வேறு கைகளுக்கு மாறி மேன்மை பெற்றது. அதைக் காத்த பெண்களுக்கோ பழி மிஞ்சியது. அம்மையாரின் சொற்கள் அப்பெண்களிடம் சில வேளைகளில் கடுமையாகவே இருந்தன. வளர்ந்த பெண்ணின் மாண்புக்கும் வளரும் பெண்ணின் மீட்புக்கும் இடையே அவர் ஒன்றைத் தேர்ந்தார். சிறுமியைத் தேர்ந்தார். அத்தேர்வைக் குறைகூற வரலாற்றுக்கு உரிமையுண்டு. ஆயினும் அச்சிறுமியின் இடத்தில் நின்று பார்ப்போர்க்கு அது கடினம்.

1930 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்பமாய் அமைந்தது. பொட்டுக்கட்டுவதை முற்றிலும் தடைசெய்யும் மசோதாவை முன்வைத்திருந்த நேரம். காந்தியடிகள் சிறைப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் மன்றப் பதவியைத் துறந்தார். மசோதா கைவிடப்பட்டதுபோல் கிடந்தது. அந்த ஆண்டிலேதான், பொட்டுக்கட்டுதலுக்கு அஞ்சி ஓடிவந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர்.

அவர்களுக்கு ஒரு விடுதியில் இடம் கிடைக்கும் என்று அம்மையார் நம்பினார். சென்னையில் பிராமணர் விடுதி இருந்தது. பிராமணரல்லாதார் விடுதியும் இருந்தது. இரண்டிலும் அச்சிறுமியருக்கு இடமில்லை. தாயின் குலம் இன்னதென்று தெரிந்ததும் கதவுகள் அடைபட்டன. சீர்திருத்தத்தைக் கைதட்டி வரவேற்ற அதே நகரம், சீர்திருத்தம் விடுவித்த குழந்தையை ஓர் இரவு தங்கவைக்க மறுத்தது. சட்டம் ஒரு குழந்தையை ஒரு வீட்டிலிருந்து வெளியே கொண்டுவரும். மற்றொரு வீட்டுக்குள் கொண்டுசேர்க்க அதனால் இயலாது. இவ்வுண்மையை அம்மையார் எந்த நூலிலும் கற்கவில்லை. மறுக்கப்பட்ட பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே ஔவை இல்லம்.

இப்பெயரைக் கவிஞர்கள் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தமிழில் ஔவையார் ஒருவரல்லர். அதியமானின் அவைக்களத்தில் அமர்ந்த சங்கப் புலவர் ஒருவர். ஆத்திசூடியைத் தந்த பிற்காலத்தவர் மற்றொருவர். மக்கள் நினைவிலோ அவர்கள் அனைவரும் ஒரு மூதாட்டியே. மணவாழ்வை வேண்டாது, இளமையை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு முதுமையைப் பெற்றுக்கொண்டவர் என்று கதை சொல்கிறது. ஊர் ஊராய் நடந்தவர். யார் கொடுத்த கூழையும் உண்டவர். இன்ன சாதி, இன்ன வீடு என்று எவரும் கேட்டிராதவர். எழுத்தறிவிக்கும் முதல் நாளிலேயே தமிழ்க் குழந்தையின் நாவில் ஏறுபவர். குலத்தின் பேரால் விரட்டப்பட்ட சிறுமியருக்கு இதனினும் பொருந்திய பாட்டி ஒருத்தியைத் தமிழ் இலக்கியம் முழுவதும் தேடினாலும் காண்பது அரிது. தெய்வத்துக்கு மணமுடிக்கப்பட இருந்த குழந்தைகள், மணத்தை மறுத்த புலவரின் பெயர்கொண்ட வீட்டில் மீண்டும் குழந்தைகளாயினர்.

இல்லம் அன்னமிடும் சத்திரமாக நின்றுவிடவில்லை. ஆதரவற்ற பிள்ளைகளும், கைவிடப்பட்டவர்களும், தாய்தந்தையரை இழந்தவர்களும் சாதி சமய வேறுபாடின்றிச் சேர்க்கப்பட்டனர். நாளடைவில் இல்லம் அடையாற்றில் பெசன்ட் சாலையில் நிலைபெற்றது. அதனோடு தொடக்கப் பள்ளி எழுந்தது; உயர்நிலைப் பள்ளி எழுந்தது; ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் எழுந்தது. இவ்வரிசையில் ஒரு கணக்கு உண்டு. உணவு மட்டும் கிடைத்த குழந்தை வளர்ந்தபின் மீண்டும் தெருவில் நிற்கும். எழுத்து மட்டும் கற்ற பெண் மீண்டும் பிறர் கையை எதிர்பார்க்கும். ஆசிரியையாகவோ செவிலியாகவோ சம்பளம் பெறும் பெண்ணைத்தான் எந்த மானியத்துக்கும் எவரும் பிணையாக வைக்க இயலாது. நிலம் செய்துவந்த வேலையைத் தொழிற்கல்வியின் கையில் ஒப்படைத்தார் அம்மையார். 1929 ஆம் ஆண்டின் திருத்தமும் 1930 ஆம் ஆண்டின் இல்லமும் ஒரே சிந்தனையின் இரு பாதிகள்.

இல்லம் நடத்துவது மசோதா கொணர்வதைவிடக் கடினம். மசோதாவை ஒருமுறை நிறைவேற்றினால் போதும். அடுப்பை நாள்தோறும் மூட்டியாக வேண்டும். நன்கொடைக்கு நடந்த நடையும், காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு அருகே கழித்த இரவும் எந்த அவைக்குறிப்பிலும் ஏறுவதில்லை. அவருடைய மன்ற உரைகளைத் தேடித் தொகுக்கும் ஆய்வாளர்க்கு இல்லத்தின் அன்றாடம் கைக்கு அகப்படாமற் போவதன் காரணம் இதுவே.

பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் இறுதியில் 1947 இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் நிறைவேறியது. அம்மையாருக்கு அப்போது வயது 61. அவர் முதன்முதலில் தீர்மானம் கொணர்ந்து 20 ஆண்டுகள் கழிந்திருந்தன. இல்லத்துக்கு அப்போது வயது 17. சட்டம் வரும்வரை காத்திராமல் ஒரு தலைமுறைச் சிறுமியர் அங்கே படித்து முடித்து வெளியேறியிருந்தனர்.

தங்கை ஒருவர் புற்றுநோயால் 1923 இல் இறந்த துயரம் அவர் நெஞ்சில் நெடுநாள் கனன்றது. 1952 இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 இல் 12 படுக்கைகளுடன் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அதன் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. அதே 1954 இல் மாநிலச் சமூக நல வாரியத்தின் முதற் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1956 இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22 ஆம் நாள் அவர் மறைந்தார்.

கருவுற்ற ஏழைப் பெண்டிருக்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 2006 இல் அவ்வுதவி 6,000 ரூபாயாக உயர்ந்தது. 2011 இல் 12,000 ரூபாயாயிற்று. தொகையை ஒரே தவணையாகக் கொடுக்காமல், பேறுகாலச் சோதனைக்கு ஒரு பகுதியும், அரசு மருத்துவமனையில் பிள்ளை பிறந்ததும் ஒரு பகுதியும், குழந்தைக்குத் தடுப்பூசிகள் போட்டபின் மற்றொரு பகுதியுமாகப் பிரித்தனர். கூலிவேலைக்குப் போகும் கர்ப்பிணி அந்தப் பணத்தைக் கொண்டு சில வாரங்களேனும் வீட்டில் இருக்கிறாள்.