கோதுமைத் துருவைத் துரத்திய பேராசிரியர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கம்பங்காட்டில் துரு நோய் விழுந்தால், இலைமேல் செம்பொடி கிளம்பும். தொட்டால் விரலில் ஒட்டும். அது ஒரு பூஞ்சாணம்.

அதில் ஒரு விந்தை உண்டு. சாதாரணமாக ஓர் உயிரணுவுக்கு ஒரே உட்கருதான். இந்தப் பொடியின் அணுக்களிலோ இரண்டிரண்டு! நம் ஈரலிலும் இரட்டைக் கரு அணுக்கள் இருக்கின்றன. ஆனால் துருவில் அந்த இரண்டும் வேறு வேறு வம்சம். ஜோடியாகவே வாழ்ந்து ஜோடியாகவே பெருகுபவை.

ஜோடி சேரும் இடம் வேறு செடி. கம்புத் துருவுக்குக் கத்தரி இலை. கோதுமையின் கருந்துருவுக்குப் பார்பெரி என்ற முட்செடி. 1918-ம் ஆண்டு முதல் அமெரிக்காவில் பார்பெரியை வேரோடு பிடுங்கினார்கள்.

இந்தியாவிலும் பார்பெரிதான் குற்றவாளியா? இதை ஆராய்ந்தவர் கரம் சந்த் மேத்தா. 1892-ல் பிறந்தவர். ஆக்ரா கல்லூரியில் தாவர இயல் பேராசிரியர்.

கோதுமை அறுவடை ஆனதும் வடநாட்டுச் சமவெளியில் வெயில் கொளுத்தும். அந்தச் சூட்டில் துருப்பொடி பிழைக்காது. ஆனாலும் அடுத்த பயிரில் துரு மறுபடி வந்துவிடும். சப்பாத்தியை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது பெரிய அடி.

எங்கிருந்து வந்தது? மேத்தா மலைகளில் தேடினார். காற்றில் வரும் துகள்களைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்து நுண்ணோக்கியில் பார்த்தார். இப்படியே பல வருஷங்கள்!

இமயமலையில் பார்பெரி இருக்கத்தான் செய்தது. ஆனால் துரு அதை நம்பி இருக்கவில்லை. குளிர்ந்த மலைகளில் கோடையிலும் கோதுமை நின்றது. இரட்டைக் கருப்பொடி அதிலேயே செடிவிட்டுச் செடி தாவிப் பிழைத்தது. ஜோடி பிரியவும் இல்லை, புதிதாகச் சேரவும் இல்லை. பிறகு காற்றேறிச் சமவெளிக்கு இறங்கியது.

இமயம் மட்டுமல்ல, நம் நீலகிரியும் பழனி மலையும் அதன் புகலிடங்கள்! ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கிறதே மேற்குத் தொடர்ச்சி மலை, அதிலிருந்து கிழக்கே பிரியும் கிளைதான் பழனி மலை. பார்பெரியை வெட்டிப் பயனில்லை. மலைகளில் பருவம் தவறிக் கோதுமை விதைப்பதை நிறுத்துங்கள் என்பது மேத்தாவின் யோசனை.

1940-ல் அவருடைய ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. 1950-ல் அவர் காலமானார். இரண்டாம் பாகம் அச்சேறியது 1952-ல்தான்.

பிற்பாடு வந்த விஞ்ஞானிகள் இன்னொன்றும் கண்டார்கள். நவம்பர் மாத வங்கக் கடல் புயல்கள் தென்மலைக் கருந்துருவை மத்திய இந்தியா வரை தூக்கிச் செல்கின்றன. அங்கே மழையோடு மழையாக அது இளம் கோதுமைமேல் இறங்குகிறது.