அப்பா போட்ட சண்டையை மகன் எழுதினால் அது வரலாறா? ஜான் கிளார்க் மார்ஷ்மன் யார்?

ஒரு ஸ்டார்ட்-அப்பின் கதையை அதன் நிறுவனரோட மகனே எழுதினால் எவ்வளவு நம்புவீங்க? இந்திய பாப்டிஸ்ட் சபை வரலாற்றைப் படிக்கிறவர்கள் முதலில் தேடிப்போகும் நூல்களில் ஒன்று அப்படி எழுதப்பட்டதுதான்.

ஜான் கிளார்க் மார்ஷ்மன் பிறந்தது 1794-இல், இங்கிலாந்தில். 1799-இல், ஐந்து வயதில், பெற்றோருடன் வங்காளத்தின் செராம்பூருக்கு வந்தார்.

ஏன் செராம்பூர்?

கிழக்கிந்திய கம்பெனிக்கு அப்போது மிஷனரிகள் என்றாலே ஆகாது. செராம்பூரோ நம்ம தரங்கம்பாடி மாதிரி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. இரண்டு ஊர்களையும் அவர்கள் 1845-இல்தான் கம்பெனிக்கு விற்றார்கள். அப்பா ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் கேரி, வில்லியம் வார்ட் மூவரும் அங்கே அச்சகமும் பள்ளிகளும் நடத்தி, வருமானத்தைப் பொதுப் பணப்பெட்டியில் போட்டார்கள்.

அந்த அச்சகத்தில் வளர்ந்த பையன் பத்திரிகையாளர் ஆனதில் ஆச்சரியமில்லை. 1818-இல் தொடங்கிய ‘சமாச்சார் தர்பண்’ வங்காள வார இதழுக்கு ஆசிரியர், பிறகு ‘ஃப்ரெண்ட் ஆஃப் இந்தியா’வுக்கும். மும்பையில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் ஆசிரியராக இருந்த ராபர்ட் நைட், பின்னால் கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழைத் தொடங்கினார். அதோடு இணைந்த பத்திரிகை இதுதான்.

சண்டை எதற்கு?

சொத்துக்கு. செராம்பூர் கட்டடங்கள் யாருக்குச் சொந்தம், முடிவெடுப்பது யார் என்று லண்டனில் இருந்த மிஷன் சங்கம் கேட்டது. நாங்களே சம்பாதித்துக் கட்டியது என்றது செராம்பூர். 1827-இல் இரண்டும் பிரிந்தன. சமரசம் வந்தது 1837-இல். அதே ஆண்டு ஜோஷுவா இறந்தார். வார்டும் கேரியும் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

1859-இல், இங்கிலாந்து திரும்பிவிட்ட மகன், மூவரின் வாழ்க்கையையும் காலத்தையும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். கூடவே இருந்து பார்த்தவர் என்பது அந்த நூலின் பலம். பலவீனமும் அதுவேதான்: வழக்கில் ஒரு தரப்பே தீர்ப்பையும் எழுதுகிறது.

அப்போ தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். தேதி, செலவு, யார் எங்கே போனார் போன்ற விவரங்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் நோக்கம் பற்றி மகன் சொல்லும் இடத்தில் மட்டும், லண்டன் தரப்பு என்ன சொன்னது என்று தேடிப் பாருங்கள்.

தலைப்பையும் கவனியுங்கள். கேரி, மார்ஷ்மன், வார்ட்: மூன்று பெயருமே ஆங்கிலேயர்களுடையவை. அந்த அச்சகத்துக்கு எழுத்து வார்த்துக் கொடுத்தவர் பஞ்சானன் கர்மாகர் என்ற வங்காளக் கைவினைஞர்.

மார்ஷ்மன் 1877-இல் லண்டனில் இறந்தார். 1818-இல் அந்த மூவர் தொடங்கிய செராம்பூர் கல்லூரி இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டு இறையியல் மாணவர்கள் பலர் வாங்கும் பட்டத்திலும் செராம்பூர் பெயர்தான் இருக்கிறது.