மறைவில் நின்ற இசைவாணர் ஆர். கே. சேகர்

இசையால் புகழ் பெற்றோர் பலர். தம் உழைப்பால் பிறர் புகழ் பெறத் தாம் மறைவில் நின்றோரும் உண்டு. அத்தகையோருள் ஒருவர் ஆர். கே. சேகர். ஏ. ஆர். ரகுமானின் தந்தை என்றால் நம்மில் யாவரும் அறிவர். ஆனால், மகன் பெயர் பெறுவதற்கு நெடுங்காலம் முன்னரே மலையாளத் திரையிசைக்குத் தம் வாழ்வை ஈந்த தமிழர் அவர் என்பதைத் திருவனந்தபுரத்தில் பயிலும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1933ஆம் ஆண்டு பிறந்த சேகர், ஆர்மோனியம் முதலிய விசைக் கருவிகளில் வல்லவர். அந்நாளில் மலையாளப் படப் பாடல்கள் பெரும்பாலும் சென்னையிலேயே ஒலிப்பதிவாயின. ஆதலால் சென்னை இசைவாணருக்கு மலையாளத் திரையுலகம் அண்டை வீடு போலாயிற்று. 1964இல் குஞ்சாக்கோ இயக்கிய ‘பழசிராஜா’ படத்துக்கு அவர் இசையமைத்தார். வயலார் ராமவர்மா எழுதி ஏசுதாஸ் பாடிய அப்படத்தின் பாடலொன்றை இன்றும் இந்நாட்டு முதியோர் நினைவுகூர்வர்.

முதல் முயற்சியே வெற்றி. எனினும், அதன்பின் சில ஆண்டுகள் தம் பெயரில் இசையமைக்கும் வாய்ப்பு அவருக்கு அரிதாயிற்று. அதற்காக அவர் சோர்ந்து அமரவில்லை. திரைத்துறையார் ‘அரேஞ்சர்’ என்றழைக்கும் பணியை ஏற்றார்.

அப்பணி யாது? இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டை உருவாக்குவார். எந்த இடத்தில் வயலின் எழ வேண்டும், எங்கே குழல் விடையிறுக்க வேண்டும், சரணங்களுக்கு இடையே எவ்விசை ஒலிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கருவிக்கும் இசைக்குறிப்பு எழுதிக் குழுவை நடத்துபவர் அரேஞ்சர். பாடகரும் வாத்தியக்காரரும் ஒருசேர இசைத்துப் பதிவு செய்த காலம் அது. ஒருவர் தவறினாலும் பாடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தேவராஜன், தட்சிணாமூர்த்தி, எம். கே. அர்ஜுனன் ஆகியோரின் பாடல்களுக்குச் சேகர் இவ்வாறு துணை நின்றார். அர்ஜுனன் இளமையில் பழனி ஆசிரமமொன்றில் வளர்ந்து, அங்கே இசை பயின்ற மலையாளி. தமிழகத்தில் இசை கற்ற மலையாளியும், மலையாளத்துக்கு உழைத்த தமிழரும் இணைந்த அந்த நட்பு எண்ணி மகிழத்தக்கது.

1971 முதல் சேகர் மீண்டும் தம் பெயரில் இசையமைக்கலானார். இருபதுக்கு மேற்பட்ட மலையாளப் படங்கள் அவர் இசையைத் தாங்கின. நம் நாட்டில் அரிதாயிருந்த மின்னணு விசைக் கருவிகளையும் ஆர்வத்தோடு வாங்கிச் சேர்த்தார். ஓய்வறியா உழைப்பும் நோயும் உடலை வாட்ட, 1976இல் நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். மகனுக்கு அப்போது வயது ஒன்பது.

அக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது. சிறுவனை விசைக் கருவி வாசிக்க அழைத்து ஆதரித்தவர்களுள் அர்ஜுனனும் ஒருவர். தந்தையின் நட்பு மகனுக்கு நிழலாயிற்று. இளைஞனானதும் ரகுமான் சிவமணி முதலிய நண்பரோடு ‘ரூட்ஸ்’ என்ற மேலைப்பாணி இசைக்குழுவில் விசைக் கருவி வாசித்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. அதே ஆண்டில் சங்கீத் சிவனின் ‘யோதா’ வழியே சேகரின் மைந்தர் தந்தை உழைத்த மலையாளத் திரைக்கும் வந்தார்.

நண்பர்களே! வானொலியில் பழைய பாடலை அறிவிக்கும்போது பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்கள் வரும். அரேஞ்சர் பெயர் வருவதில்லை. அறிவியல் ஆய்வுக்கூடத்திலும் இதுவே நிலை. கருவியைச் செம்மை செய்து தருவோரின்றி ஆய்வு நடவாது. ஆயினும் கட்டுரையின் தலைப்பில் அவர் பெயர் இராது. பெயர் வந்தால்தான் உழைப்பேன் என்று சேகர் இருந்திருப்பின், எத்தனையோ பாடல்கள் வெறும் மெட்டாகவே நின்றிருக்கும். உழைத்தது அவர் கடன். அவர் பெயரை நாவில் கொள்வது நம் கடன். அடுத்த முறை அக்காலப் பாடல் காதில் விழும்போது, குரலுக்குப் பின்னே எழும் வயலின்களையும் சற்றே செவிமடுப்போம்.